கீத்தின் நம்பரில் போட்ட வேலை

பிப்ரவரி 26, திங்கள்

இன்று என் சமையலறையில் இருந்தவர்கள்: என் மகன் கீத். என் மகள் லோர்னா பெற்ற பிரையனி. பக்கத்து வீட்டு மேவிஸ். நான்.

லோர்னா இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஜன்னலோரக் கட்டில்.

மேவிஸை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேர் பேசும் குரல் கேட்டால் வந்துவிடுவாள். 1987-ல் என் கண்ணாடிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனவள், இன்னும் தரவில்லை. அதையும் வைத்துக்கொண்டு என் நாற்காலியிலேயே உட்காருகிறாள்.

லோர்னா என் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாடிப்படி ஏற முடியாது. கீழேயே குளிக்க இடம் இருந்தால் அனுப்புகிறேன் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதனால் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் குளியலறையாக்கப் போகிறோம். கரண்டில் தண்ணீரைச் சுடவைக்கும் ஷவர். பழைய ஃப்யூஸ் பெட்டி அதைத் தாங்காதாம். புதுப் பெட்டி, புது ஒயர்.

பிரையனி எலக்ட்ரீஷியன். ஐந்து வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தாள், கிறிஸ்துமஸோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது தனியாள். பதிவு இல்லை. பதிவு உள்ளவர் தன் வேலையைத் தானே சோதித்து, முடிந்த பிறகு மேலே தெரிவித்தால் போதும். பதிவு இல்லாதவர் வேலையைத் தொடும் முன்பே ஊர்க் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். கீத் பதிவு பெற்றவன். இருபது வருஷமாக.

"முதல்ல கவுன்சிலுக்குச் சொல்லிடறேன் மாமா" என்றாள் பிரையனி.

"கவுன்சிலா? அவங்க போனை எடுக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துடுவான். நீ வேலையப் பாரு. என் பதிவு நம்பர்ல போட்டுக்கலாம். முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லு, மீட்டரை எடுத்துக்கிட்டு வந்து டெஸ்ட் பண்ணிடறேன்."

"அப்படிச் செய்யலாமா?"

"ஊரே செய்யுது. அக்கா பொண்ணுக்கு இதுகூடச் செய்யலேன்னா தாய்மாமன்னு ஒருத்தன் எதுக்கு?"

"தங்கமான பையன்" என்றாள் மேவிஸ். பையனுக்கு ஐம்பத்துமூன்று வயது. என் பிஸ்கட்டில் நான்கைத் தின்றுவிட்டுப் போனான்.

மார்ச் 1, வெள்ளி

வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ஹேடாக் மீன் வாங்கி வந்தேன், அதன்மேலும் தூசி. பிரையனி வேலை செய்யும்போது பேச மாட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான். ஒயரைச் சுவருக்குள் நேராக இறக்குகிறாள், குறுக்கே இழுப்பதில்லை. "ஏன்டி, குறுக்கே போனா சீக்கிரம் முடியுமே" என்றேன். "நாளைக்கு யாராவது ஆணி அடிப்பாங்க பாட்டி. ஒயர் எங்க போகுதுன்னு சுவரைப் பாத்தே தெரியணும்."

பதினைந்து வயதில் மீன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவள் நான். எனக்குக் கத்தி தெரியும், முள் தெரியும். இது தெரியாது. ஆனால் கை சுத்தம் தெரியும்.

மார்ச் 4, திங்கள்

முடிந்தது. வெள்ளை ஓடு, உட்கார ஒரு மடக்குப் பலகை, கைப்பிடிகள். ஷவருக்கான சுவிட்ச் கூரையிலிருந்து தொங்கும் கயிறு. இழுத்தால் சிறிய சிவப்பு விளக்கு எரியும். லோர்னாவுக்கு இடது கை வராது, அதனால் கயிற்றைப் பிரையனி வலது பக்கம் வைத்திருக்கிறாள்.

சோதிக்காமல் யாரும் இழுத்துவிடக் கூடாது என்று கயிற்றைச் சுருட்டி மேலே துணிக் கிளிப் மாட்டிவிட்டாள். அவளிடம் சோதிக்கிற மீட்டர் கிடையாது. கம்பெனியுடையது கம்பெனியோடு போயிற்று.

கீத்துக்குப் போன் செய்தோம். "நாளைக்குக் காலையில."

மார்ச் 5, செவ்வாய்

வரவில்லை.

மார்ச் 6, புதன்

வரவில்லை. இம்மிங்ஹம் பக்கம் வேலையாம்.

மார்ச் 8, வெள்ளி

லோர்னாவைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் ஒருவன் எனக்கு இடம் தரவில்லை. அவன் முகம் நினைவிருக்கும்.

அவள் கேட்டது இரண்டே விஷயம். "கயிறு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்தான்மா" என்றாள் பிரையனி.

"கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டியா? மேவிஸ் எட்டிப் பாப்பா."

சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து, "டெஸ்ட் ஆயிடுச்சா? ஆனதும் போன் பண்ணுங்க, அன்னைக்கே ஆம்புலன்ஸ் போட்டுடறேன்" என்றாள்.

கீத் ஒரு தடவைகூட வார்டுக்கு வரவில்லை. நான் அதைச் சொன்னதும் லோர்னா, "விடும்மா, அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான். நாய் செத்தப்பக்கூட கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான்" என்றாள்.

மார்ச் 10, அன்னையர் ஞாயிறு

கீத் பூ அனுப்பியிருக்கிறான். கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மீட்டர் அனுப்பவில்லை.

மார்ச் 11, திங்கள்

பிரையனி போனில் கெஞ்சினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மீட்டரையாவது குடு மாமா, நானே பாத்துக்கறேன்."

"வண்டியில இருக்கு, வண்டி சைட்ல இருக்கு. நாளைக்கு."

"அப்ப நான் கவுன்சிலைக் கூப்பிட்டுடறேன்."

"கூப்பிட்டா, சொல்லாம ஏன் ஆரம்பிச்சேன்னு கேப்பாங்க. உன் பேரும் கெடும், என் பேரும் கெடும். நாளைக்குன்னா நாளைக்கு."

போனை வைத்துவிட்டாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

மார்ச் 14, வியாழன்

காலையில் லோர்னா போய்விட்டாள்.

இருந்தவர்கள்: பிரையனி, நான்.

மார்ச் 15, வெள்ளி

ஒன்றும் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

பால்காரரிடம் குறைக்கச் சொல்லவில்லை. நிறையப் பால். மேவிஸ் எடுத்துப் போனாள்.

மார்ச் 26, செவ்வாய்

அடக்கம். மழை இல்லை. ஹாம் சாண்ட்விச் மிஞ்சிவிட்டது. எல்லாரையும்விட உரக்க அழுதவன் கீத். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தவர்களை எண்ணலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையதாகவே இருக்காது. அப்படி இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

தபாலில் ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. என் முகவரி. புது ஃப்யூஸ் பெட்டி, ஷவருக்குப் புது ஒயர். கட்டட விதிப்படி சரியாக இருக்கிறது, முறையாகச் சோதிக்கப்பட்டது. செய்தவர் கீத் க்ரிப்.

வேலை முடிந்து முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். அதற்கு மட்டும் தவறவில்லை.

சோதித்தானா? எப்போது? அவன் மீட்டர் இந்த வீட்டு வாசலைத் தாண்டவே இல்லையே. அவன் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே சோதித்திருக்கிறான்.

பிரையனி அதைப் படித்தாள். மடித்து ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். சாமான் அறைக் கதவைச் சாத்தினாள். நாங்கள் அதைத் திறப்பதில்லை. நான் மாடியில்தான் குளிக்கிறேன், முழங்கால் கத்தினாலும்.

மே 2, வியாழன்

பிரையனி கையிருப்புப் பணத்தில் ஒரு பழைய மீட்டர் வாங்கியிருக்கிறாள். பதிவுக்கு மனு போடப்போகிறாள். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, பதிவு இருக்கா என்றுதான். இல்லை என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். இப்படியே போனால் கோழிக் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போக வேண்டியதுதான் என்றாள். அழாமல் சொன்னாள். அவளுக்கும் ஊசி போட்டாற்போலத்தான் இருக்கிறது.

பதிவு கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு ஆள் வந்து, அவள் செய்து முடித்த வேலை ஒன்றைப் பார்ப்பாராம். தொடக்கம் முதல் கடைசி வரை அவள் தனியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

இன்று அந்தக் கதவைத் திறந்தாள். சாயங்காலம் வரை சோதித்தாள். எல்லாம் சரி. அதன் பிறகு கயிற்றைச் சுருட்டி, கிளிப்பை மறுபடி மாட்டிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மே 19, ஞாயிறு

கீத் சாப்பிட வந்தான். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. பதிவு ஆளுக்குச் சாமான் அறையைத்தான் காட்டப்போவதாகப் பிரையனி சொன்னதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"வேற எதை வேணும்னாலும் காட்டு. அதைக் காட்டாத."

"வேற இல்லையே மாமா."

"அது என் பேர்ல போயிருக்கு. அந்தாளு பாத்தா என் கதி என்ன? நான் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்னு தூக்கிடுவாங்க."

"நானா போடச் சொன்னேன்?"

அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

கிரேவி வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று இருந்தவர்கள்: பதிவு ஆபீசிலிருந்து வந்த திரு. ஏகர்ஸ், பெரிய உருவம், கேட்காமலேயே ஷூவைக் கழற்றினார். பிரையனி. நான். அழைக்காமல் வந்த கீத். அழைக்காமல் வந்த மேவிஸ், பின்வாசல் வழியாக.

ஏகர்ஸ் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். இந்த ஒயர் ஏன் இந்த அளவு, அது ஏன் இந்த வழி என்று கேட்டார். பிரையனி ஒவ்வொன்றுக்கும் சொன்னாள், தடுமாறவில்லை. சாமான் அறையில் கயிற்றைப் பார்த்து, "கிளிப் எதுக்கு?" என்றார்.

"அது... சும்மாதான்" என்றாள். அங்கேதான் தடுமாறினாள்.

"நல்ல வேலை" என்றார் அவர். பிறகு கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இந்த வீட்டு வேலையை ஏற்கெனவே ஒருத்தர் தெரிவிச்சிருக்காரே. கீத் க்ரிப்னு."

"நான்தாங்க" என்றான் கீத், கதவருகிலிருந்து. "என் வேலை. பொண்ணு கூடமாட இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நீங்க வந்து செஞ்சீங்களா? நீங்களே டெஸ்ட் பண்ணீங்களா?"

"மார்ச் முதல் பாதியில. இங்கதான் கிடந்தேன்."

"அப்ப இதை அவங்க வேலைன்னு நான் பாக்க முடியாதே" என்றார் ஏகர்ஸ், பிரையனியிடம். கோபமாகச் சொல்லவில்லை.

பிரையனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், கீத்துக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறான்.

என்னை யாரும் கேட்கவில்லை. கெண்டி கொதித்தது. அதை நிறுத்திவிட்டு வந்து சொன்னேன்.

"மார்ச்ல இந்த வீட்டுக்குள்ள வந்தவங்களை நான் சொல்றேன், எழுதிக்கோங்க. ஓடு பதிக்கறவரு. தண்ணிக் குழாய்க்காரரு, காதுல கம்மல் போட்டவரு. தபால்காரம்மா, மழைக்கு ஒதுங்கினாங்க. இதோ இந்த மேவிஸ், தினமும். பத்தாம் தேதி பூக்கடைக்காரரு, மஞ்சள் பூ. பதினாலாம் தேதி என் மகள் செத்துப்போனா. இவன் வரலை."

"அம்மாவுக்கு வயசாயிடுச்சுங்க" என்றான் கீத். "அக்கா செத்த மாசம் வேற. மறந்திருப்பாங்க."

அப்போதுதான் மேவிஸ் வாயைத் திறந்தாள். "இவளா? மறக்கறதா? முப்பத்தேழு வருஷமா ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு என்னைக் கொல்றா. இவ வரலைன்னு சொன்னா வரலைதான். நானும் பாக்கலை. நான் பாக்காம இந்த வீட்டுக்குள்ள பூனைகூட நுழையாது."

ஏகர்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டார். "காதுல விழுந்துடுச்சு. விழாத மாதிரி நான் போக முடியாது" என்றார். பிரையனியிடம், இந்த வேலையைக் கவுன்சில் ஆள் வந்து பார்த்து முறைப்படுத்த வேண்டும், அதன் பிறகு மறுபடி மனு போடு, நானே வருகிறேன் என்றார். டீ குடிக்காமல் போனார்.

கீத் வாசலில் நின்று, "சொந்தப் பிள்ளையைப் போய்..." என்றான். முடிக்கவில்லை.

பிரையனி என்னைத் திட்டினாள். "நானே விட்டுட்டிருப்பேன் பாட்டி. கோழிக் கம்பெனிக்குப் போயிருப்பேன். உன்னை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. உண்மைதான்.

ஜூன் 9, ஞாயிறு

யாரும் வரவில்லை. ஒரு முட்டை வேகவைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கீத் வந்தான். அவன் பதிவைப் பறித்துவிட்டார்கள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"நான் வந்தேம்மா" என்றான். "ரெண்டு தடவை தெரு முனை வரைக்கும் வந்தேன். மீட்டர் மடியிலதான் இருந்துச்சு. டெஸ்ட் முடிஞ்சா அன்னைக்கே அவளைக் கொண்டுவந்துடுவாங்க. இங்க வந்தா சாகத்தான் வர்றான்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும் ஏதாவது பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன். வண்டியைத் திருப்பிட்டேன்."

ஐம்பத்துமூன்று வயது மனுஷன். கட்டிலுக்கடியில் ஒளிந்த அதே பிள்ளை. என் மனசில் ஏதோ அசைந்தது. இவனை நான்தானே பெற்றேன். ஒரு நிமிஷம் அவன் தலையைத் தொடலாமா என்று கை எழுந்தது. தொடவில்லை. ஆனால் எழுந்தது.

கவுன்சிலைக் கூப்பிட்டிருந்தாலும் நாளாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் லோர்னா வந்து சேர்ந்திருக்க மாட்டாள். அப்படியென்றால் இவன் செய்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. அவன் போனதிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொழுது போகிறது.

ஜூலை 16, செவ்வாய்

கவுன்சிலிலிருந்து வந்தது ஒரு பெண்பிள்ளை. நிக்கோலா. முடியைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருந்தாள். எல்லாம் பார்த்தாள். சரி என்றாள். பிரையனி வேலைக்குப் போயிருந்தாள், கோழிக் கம்பெனிக்குத்தான், இப்போது பகல் ஷிஃப்டு.

டீ குடித்தாள். மடக்குப் பலகை யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பவே எங்களைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"நாளாகும்னாங்க."

"சாதாரணமா ஆகும். ஆனா ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்படி வீட்டுக்கு வர்றவங்கன்னா விட்டுட்டு இருக்க மாட்டோம். யாருக்குன்னு கேட்டுப்போம், மறுநாளே வந்துடுவோம். வேலையை ஆரம்பிச்ச பிறகு சொன்னாக்கூடத் திட்டிட்டு வந்துடுவோம். போன மாசம்கூட ஒரு வீட்டுக்கு அப்படிப் போயிட்டு வந்தேன்."

நல்ல பெண். வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். பிஸ்கட் எடுத்துக்கொள் என்றேன்.

மறுநாளே.

அவள் போன பிறகு சாமான் அறைக்குள் போய் மடக்குப் பலகையில் உட்கார்ந்தேன். மார்ச் நான்காம் தேதி வேலை முடிந்தது. ஐந்தாம் தேதி கூப்பிட்டிருந்தால் ஆறாம் தேதி. கீத் கூப்பிட விடவில்லை. பதினோராம் தேதி கூப்பிட்டிருந்தால்கூட, பன்னிரண்டாம் தேதி. ஒரு தடவை. வலது பக்கம் இருக்கிற கயிற்றை ஒரே ஒரு தடவை அவள் இழுத்திருப்பாள்.

எட்டாம் தேதி சிரித்தாளே.

அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. முழங்கால் மரத்துப் போய் எழுந்தேன்.

பிரையனியிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மேவிஸ் கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஓரத்தில் விரிசல். "இப்ப திருப்தியா?" என்றாள். இனி இவள்மேல் எதை வைத்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. விரிசல் இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ஏகர்ஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை டீ குடித்தார். பிரையனிக்குப் பதிவு கிடைத்தது. அவள் பெயரில் ஒரு நம்பர். சாயங்காலம் போனில் என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு தடவையே போதும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள்: பிரையனி. கீத். நான்.

வறுத்த கோழி. கீத் இப்போது வேறொருவரிடம் கூலிக்குப் போகிறான். மெலிந்திருக்கிறான். அவன் தட்டில் தொடைத் துண்டை வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வைக்கிறேன், இனியும் வைப்பேன். பெற்றவள் சோறு போடாமல் இருக்க முடியாது.

புட்டிங் சாப்பிடும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான். "ஒரு ஃப்ரெண்ட் வீட்ல கரண்ட் அடுப்புக்குப் புது ஒயர் போட்டுக் குடுத்தேன். சின்ன வேலைதான். உன் நம்பர்ல போட்டுடறியா?"

பிரையனி கரண்டியை வைத்தாள். வளர்ந்துவிட்டாள். அவள் அம்மாவின் தாடை.

"முடியாது மாமா. நான் செய்யாததை நான் போட மாட்டேன். கவுன்சிலுக்குப் போன் பண்ணு. வந்து பாப்பாங்க."

"அவங்க எங்க வரப்போறாங்க."

"மறுநாளே வருவாங்க" என்றேன் நான்.

கீத் என்னை நிமிர்ந்து பார்த்தான். புரிந்ததா என்று தெரியவில்லை. புரியட்டும் என்று கஸ்டர்டை அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

அவர்கள் போன பிறகு சாமான் அறைக்குப் போனேன். கிளிப்பை எடுத்துத் துணிக்கூடையில் போட்டேன். கயிற்றை இழுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் சூடாகத்தான் வந்தது. மடக்குப் பலகையில் உட்கார்ந்து, தண்ணீர் தலையில் விழ, வெகுநேரம் குளித்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

பஸ்ஸில் இடம் தராதவனை மன்னித்துவிடலாம். மேவிஸை மன்னித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். சாகிறவரைக்கும் நான் மன்னிக்கப் போகாதவன் ஒருவன்தான்.

கீத் க்ரிப். என் மகன்.